உப்புப் பெட்டியும் பிரெஞ்சு ஆர்ட்டிகிளும்

எங்கள் பள்ளியில் இப்போது பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிற ஷீலா போன வாரம் வீட்டுக்கு வந்தாள். ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "டீச்சர், அந்தக் காலத்துல நீங்க ஆர்ட்டிகிள் எப்படி நடத்தினீங்கன்னு ஒரு பத்து வரி எழுதித் தாருங்க. இப்போ நாங்க போர்டுல ஒரு கட்டம் போட்டு ஒரே பீரியட்ல முடிச்சிருவோம்" என்றாள். ஒரே பீரியடில்! எனக்கு வந்த எரிச்சலில் அவளுக்குக் காப்பி கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

பிரெஞ்சு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழில் கதவு என்றால் கதவு, அவ்வளவுதான். பிரெஞ்சில் கதவு தனியாக வராது. முன்னால் ஒரு பொடிச் சொல்லைக் கூட்டிக்கொண்டுதான் வரும். அதுதான் ஆர்ட்டிகிள். கதவு பெண்ணாம், அதற்கு 'லா'. சுவர் ஆணாம், அதற்கு 'லெ'. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. இதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஏதோ ஒரு கதவு என்றால் வேறு சொல். கொஞ்சம் அரிசி என்றால் அந்தக் 'கொஞ்ச'த்துக்கு இன்னொரு சொல். அரிசி இல்லை என்றால், இல்லாத அரிசிக்கும் ஒரு சொல். என் ஆயுளில் பாதி இந்தப் பொடிச் சொற்களோடு மல்லுக்கட்டியே போய்விட்டது.

நான் மார்த்தாண்டத்துக்காரி. அப்பாவுக்குச் சந்தையில் பலசரக்குக் கடை. வீட்டில் பெண்பிள்ளைகள் அதிகம் என்பதால் என்னைக் குளச்சல் பக்கம் ஒரு கான்வென்ட் போர்டிங்கில் கொண்டு விட்டார். அங்கே பெல்ஜியம் நாட்டுக் கன்னியர்கள் இருந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பிரெஞ்சு வந்தது. சுதந்திரம் கிடைத்த வருஷம் பள்ளிப் படிப்பு முடிந்தது. "இந்தப் பிள்ளை காது நல்ல காது, இங்கே இருக்கட்டும்" என்று மதர் ஜெர்மேன் அப்பாவிடம் சொன்னார். அப்பா சரி என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் டீச்சர் ஆகிவிட்டேன்.

மதர் ஜெர்மேன்தான் அந்தக் கான்வென்ட்டின் தலைவி. நல்ல உயரம். இடுப்பில் சாவிக்கொத்து. அவர் வராந்தாவில் திரும்பும் முன்பே சாவிச் சத்தம் வந்துவிடும், பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். கோபம் வந்தால் அடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்ப்பார். யாராவது ஆர்ட்டிகிள் இல்லாமல் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், முகம் ஜன்னல் பக்கம் போய்விடும். "உடுப்பு இல்லாத சொல் நான் பார்க்க மாட்டேன். முதலில் உடுப்பு போடு" என்பார். அந்தப் பிள்ளை திருத்திச் சொல்லும்வரை தென்னந்தோப்புதான்.

இத்தனை கண்டிப்பான மனுஷி தமிழ் பேசும்போது ஒரு வேற்றுமை உருபைக்கூடத் தொட மாட்டார். "நான் சந்தை போனேன். சாவி பூட்டு திறக்கவில்லை. பிள்ளை பெஞ்சு விழுந்தாள்." நம்முடைய சொற்கள் மட்டும் உடுப்பில்லாமல் தெருவில் அலையலாம்போலும். இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

அவருடைய பாட முறையைச் சொல்கிறேன். ஷீலா கவனமாகப் படிக்கட்டும். முதலில் நாடா. அறையில் உள்ள ஒவ்வொரு சாமானிலும் நாடா கட்ட வேண்டும். 'லெ' என்றால் நீலம், 'லா' என்றால் சிவப்பு. கதவுக்குச் சிவப்பு, விளக்குக்குச் சிவப்பு, மேசைக்குச் சிவப்பு, சுவரில் ஆணியடித்து நீலம். வகுப்பறையைப் பார்த்தால் திருவிழாக் கடை என்றுதான் நினைக்கத் தோன்றும். மழைக்காலத்தில் ஈரத்தில் சாயம் இறங்கி மேசையெல்லாம் சிவந்துவிடும், அதைத் தேய்த்துக் கழுவ வேண்டியது நான். இரண்டாவது கூடை. துணி போட்டு மூடிய கூடைக்குள் கையைவிட்டு ஒரு பொருளை எடுக்க வேண்டும். எடுக்கும்போது அது 'ஏதோ ஒரு எலுமிச்சை'. மேசையில் வைத்த பிறகு அது 'அந்த எலுமிச்சை'. சொல் மாற வேண்டும். மூன்றாவது குவியல். அரிசி, சர்க்கரை, மாவு குவித்து வைத்திருப்பார். குவியலிலிருந்து ஒரு கரண்டி அள்ளி உயர்த்திக் காட்டி, "து ரி" என்பார். கொஞ்சம் அரிசி என்று அர்த்தம். பிள்ளைகளும் கரண்டியால் அள்ளிச் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. பாடம் முடிந்ததும் சிந்திய அரிசியை ஒன்று விடாமல் பொறுக்கி அடுக்களைக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவும் நான்.

நான்காவதுதான் உப்புப் பெட்டி. தள்ளுமூடி வைத்த ஒரு மரப்பெட்டி, மதர் பெல்ஜியத்திலிருந்து கொண்டு வந்தது. எப்போதும் காலியாகவே இருக்கும். மூடியைத் தள்ளித் திறந்து, பெட்டியை மேசைமேல் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டி, "யாத்தில் து ஸெல்?" என்று கேட்பார். உப்பு இருக்கிறதா? "இல் நியா பா த ஸெல்" என்று பதில் வர வேண்டும். உப்பு இல்லை. இந்த 'பா த' வந்துவிட்டால் ஆர்ட்டிகிள் பாடம் முடிந்தது. இந்த வரிசையில் ஒன்றை முன்பின்னாக மாற்றினால் மதருக்கு உலகமே தலைகீழாகிவிடும்.

புத்தகத்தில் இருந்த பொருள்களோ பாலாடைக்கட்டி, திராட்சை மது, பனி. எங்கள் பிள்ளைகள் இதையெல்லாம் எங்கே கண்டார்கள்? அவர்கள் கேட்டதெல்லாம் வேறு. "டீச்சரே, மரச்சீனிக்கு நீல நாடாவா, செவப்பு நாடாவா?" "சாளை மீனுக்கு?" "கருப்பட்டிக்கு?" மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு விஷயத்தை மதர் உடனே தீர்த்துவிட்டார். ஆப்பிரிக்காவில் இருந்த அவருடைய மடத்தார் அதைத் தின்கிறார்கள், அங்கே அது 'லெ'. கருப்பட்டிக்கு அவருக்கும் தெரியவில்லை. சர்க்கரை ஆண் என்பதால் கருப்பட்டியும் ஆண் என்று மறுநாள் தீர்ப்புச் சொன்னார். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்த வாரம் முழுக்க எனக்குக் கருப்பட்டி வழக்கு விசாரிக்கத்தான் நேரம் இருந்தது.

இதெல்லாம் சில்லறைத் தலைவலி. பெரிய தலைவலி பிரகாசியக்கா ரூபத்தில் வந்தது.

பிரகாசியக்கா கான்வென்ட் டிஸ்பென்சரியில் வேலை பார்த்தவர். என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர். மீன்பிடிக்கிற குடும்பம். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தார். மருந்து கலக்குவது, கட்டுப் போடுவது எல்லாம் கன்னியர்களைப் பார்த்துப் பார்த்தே படித்தது. அவருடைய தங்கை பிரசவ வலியோடு மாட்டு வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் செத்துப்போனாள். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது பிரகாசியக்காதான். "என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாமப் போச்சே டீச்சரே" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் மடத்தாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பெல்ஜியத்தில் அவர்கள் நடத்தும் ஆஸ்பத்திரியில் பிரசவ நர்ஸ் படிப்புக்கு இங்கிருந்து ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். படித்துவிட்டுத் திரும்பினால் கடற்கரையிலேயே ஒரு பிரசவ வார்டு திறக்கலாம். ஆனால் பாடமெல்லாம் பிரெஞ்சில். அங்கிருந்து மடத்துக்கே தலைவியான பெரிய மதர் சுற்றுப்பயணம் வருவார், வாய்மொழித் தேர்வு வைப்பார். தேறாவிட்டால் அந்த இடம் வேறு மடத்துப் பெண்ணுக்குப் போய்விடும். மதர் ஜெர்மேன் பிரகாசியக்காவின் பெயரைக் கொடுத்தார். சொல்லிக் கொடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு கஷ்டமும் தெரியவில்லை. தினமும் மத்தியானம் டிஸ்பென்சரி மூடியதும் பின்னறையில் உட்காருவோம். நாடா பாடத்தில் அவருக்குத் தப்பே வரவில்லை. கூடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. குவியலிலிருந்து அரிசி அள்ளிச் சொல்லும்போது மதரே தலையை ஆட்டினார். நான் மனதுக்குள் அவரைக் கப்பல் ஏற்றியே விட்டேன்.

அப்புறம் உப்புப் பெட்டி வந்தது. மதர் மூடியைத் தள்ளினார், கவிழ்த்தார், தட்டினார். "யாத்தில் து ஸெல்?"

பிரகாசியக்கா பெட்டியைப் பார்த்தார். மதரைப் பார்த்தார். "உய், மா மேர். இல் யா து ஸெல்" என்றார். ஆமாம் மதர், உப்பு இருக்கிறது.

கேள்வி புரியவில்லை என்று நினைத்து மதர் மறுபடியும் தட்டினார். மறுபடியும் உப்பு இருந்தது. பெட்டியை அவர் மூக்குக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். அப்போதும் இருந்தது. மதர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று தொடங்கியது என் கஷ்டகாலம். உப்பு வேண்டாம், அரிசி கேட்போம் என்று காலித் தட்டைக் காட்டினேன். அரிசி இருந்தது. காலிச் சீசாவைக் காட்டினேன். எண்ணெய் இருந்தது. வெறும் கையை விரித்துக் காட்டினேன். தேங்காய் இருந்தது.

"அக்கா, உங்களுக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?"

"தெரியும் டீச்சரே."

"இந்தத் தட்டுல என்ன இருக்கு?"

அவர் தட்டை எடுத்துத் துடைத்து வைத்தார்.

"ஒண்ணும் இல்லை, அப்படித்தானே? அதைத்தான் பிரெஞ்சுல சொல்லச் சொல்லுகேன்."

"து ரி, டீச்சரே. இல் யா து ரி." கொஞ்சம் அரிசி இருக்கிறதாம். உச்சரிப்பு வேறு சுத்தம். தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

இது நாள் கணக்கில் நடந்தது. "இந்தப் பிள்ளை தலை அவ்வளவுதான் போல" என்று மதர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நானும் ஏறக்குறைய ஒத்துக்கொண்டேன். அப்போது ஒரு நாள் காலையில் மருந்துக்காக டிஸ்பென்சரிக்குப் போனேன். ஒரு குழந்தையின் கக்கத்திலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பிரகாசியக்கா உள்ளே இருந்த டிஸ்பென்சரி மதரிடம் சர்வ சாதாரணமாகக் குரல் கொடுத்தார். "பா த ஃபியெவ்ர், மா மேர்!" காய்ச்சல் இல்லை, மதர்.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். 'பா த'! நான் தொண்டை கிழியக் கத்தியும் வராத 'பா த'! தெரியாமல் இல்லை, தெரிந்துகொண்டுதான் எங்களை இந்தப் பாடு படுத்துகிறார். எனக்குத் தலையிலிருந்து கால்வரை எரிந்தது. சனிக்கிழமை அவர் வேலைக்கு வரமாட்டார். வீட்டுக்கே போய் நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று தீர்மானித்து, வெயிலில் மணலில் கால் புதையக் கடற்கரைக்கு நடந்தேன்.

ஓலை வேய்ந்த வீடு. பிரகாசியக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அவருடைய அம்மா பாய் விரித்து உட்காரச் சொன்னார். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். "மரியாக்கா, ஒரு கை உப்பு தாருங்க. கொளம்பு அடுப்புல கெடக்கு."

"உப்பு நெறஞ்சு கெடக்கு மக்கா. செத்த கழிஞ்சு வா" என்றார் அம்மா.

வந்தவள் "சரி" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு நேர் எதிரே அடுப்படியில் உப்புச் சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நான் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் விளக்கு வைத்த பிறகு அரிசி இல்லை, எண்ணெய் இல்லை என்று அம்மா வாயால் சொல்ல மாட்டாள். அப்படிச் சொன்னால் வீட்டுக்கு ஆகாது. இத்தனை நாள் எனக்கு இது ஏன் உறைக்கவில்லை என்றால், பிரெஞ்சுப் பாடத்துக்கு நடுவில் யார் அடுக்களையை நினைப்பார்கள்?

பிரகாசியக்கா குடத்தோடு வந்தார். கையைப் பிடித்து வெளியே தென்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, இதுதான் காரியமா?"

அவர் குடத்தை இறக்கி வைத்தார். "அப்பாவும் தம்பியும் வெளுப்பாங்காலம் கட்டுமரம் ஏறிப் போனவிய. கடல்ல ஆளு கெடக்கும்போ வீட்ல உள்ளவிய சோத்துக்கும் உப்புக்கும் 'இல்லை'ங்க சொல்லு சொல்லப்பிடாது டீச்சரே. சின்னப்பிள்ளையில இருந்தே எனக்க வாயில அது வராது."

"கரையேறின பிறகு சொல்லலாம்லா?"

"எப்பளும் யாராவது ஒருத்தரு கடல்ல கெடப்பாவளே."

"அப்போ காய்ச்சல் இல்லைன்னு மட்டும் கூசாமச் சொன்னீங்க?"

"காய்ச்சல் இல்லாம இருக்கது நல்லதுல்லா? அதச் சொன்னா என்ன? உப்பும் அரிசியும் அப்பிடியா?"

"இதை ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போவும்? நான் தினமும் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துகேன்!"

"மதருக்குத் தெரிஞ்சா அஞ்ஞானம், வேதத்துக்கு ஆகாத நம்பிக்கைன்னு சொல்லுவாவ. அஞ்ஞானம் உள்ளவளையா பெல்ஜியத்துக்கு அனுப்புவாவ? மக்குன்னு நெனச்சா இன்னொரு நாளு கூடச் சொல்லித் தருவாவ. அதுனாலயாக்கும் மக்கு மாதிரி இருந்தது."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, எல்லாவற்றையும்விடக் கோபம்தான் அதிகம் வந்தது. "அக்கா, கடலுக்குப் பிரெஞ்சு தெரியாது!" என்றேன்.

"அந்தக் கடல்லதானே டீச்சரே பிரெஞ்சுக் கப்பலும் போவுது" என்றார் பிரகாசியக்கா.

தேர்வில் மட்டும் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். முயற்சி செய்கிறேன் என்றார். திங்கட்கிழமை பெட்டியைக் கவிழ்த்தேன். உதடு 'பா' வரைக்கும் வந்தது. அப்புறம் கண்ணில் தண்ணீர்தான் வந்தது, 'த' வரவில்லை. நான் பெட்டியை மூடிவிட்டேன்.

பெரிய மதர் அந்த வாரக் கடைசியில் வரவிருந்தார். நான் மதர் ஜெர்மேனிடம் போனேன். பிரகாசியக்கா நர்ஸ் வேலைக்குத்தானே போகிறார், 'பா த'வை உப்புப் பெட்டிக்குப் பதிலாக நோயாளிகளை வைத்துக் கேட்டால் என்ன என்று பக்குவமாக ஆரம்பித்தேன். மதர் ஒரே வார்த்தையில் முடியாது என்றார். "நாடா, கூடை, குவியல், பெட்டி. பெரிய மதர்தான் இந்தப் பெட்டி சொல்லிக் கொடுத்தார். நான் புதுப்பிள்ளையாக இருந்தபோது. அவர் பெட்டி கேட்பார்" என்றார். பெட்டியைக் கேட்பாரா, பெட்டியைப் பற்றிக் கேட்பாரா, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் போகத் தொடங்கியவளை நிறுத்தினார். "நீ ஒன்று மறைக்கிறாய்."

எனக்கு எப்போதும் வாய் நிற்காது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடலில் போன ஆட்கள், கவிழ்த்து வைத்த சட்டி, மக்கு வேஷம், எல்லாம். சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வேறு வழி எனக்கு இருக்கவில்லை.

மதர் கேட்டு முடித்துவிட்டு, "அஞ்ஞானம்" என்றார்.

"ஆமா மதர், அஞ்ஞானம்தான்! ஆனா அவங்க அங்க பிரசவம் பாக்கப் படிக்கப் போறாங்களா, உப்பு வியாபாரம் படிக்கப் போறாங்களா?" என்று கத்திவிட்டேன். அந்தக் கான்வென்ட்டில் மதரிடம் அதுவரை யாரும் குரல் உயர்த்தியதில்லை. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "தேர்வு வழக்கம்போல்" என்று மட்டும் சொன்னார். பிரகாசியக்காவின் பயணத்தை என் வாயாலேயே முடித்துவிட்டேனோ என்ற பயத்தோடு வெளியே வந்தேன்.

தேர்வு நாள் காலையிலிருந்தே காற்று. கடல் இரைச்சல் கான்வென்ட் வரைக்கும் கேட்டது. பிரகாசியக்காவின் அப்பாவும் தம்பியும் அன்றும் கடலில்தான். விருந்தினரை உட்கார வைக்கும் பார்லர் அறையில் லேஸ் வைத்த வெள்ளை மேசைவிரிப்பு போட்டு, நாடா, கூடை, குவியல், பெட்டி எல்லாம் வரிசையாக வைத்திருந்தோம். பெரிய மதர் ஒல்லியான கிழவி. நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரகாசியக்கா நாடாவில் தப்பவில்லை, கூடையில் தப்பவில்லை. குவியலில் அரிசியை அள்ளும்போதும் தப்பவில்லை.

பெரிய மதர் பெட்டியைக் கையில் எடுத்தார். மதர் ஜெர்மேன் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் தென்னந்தோப்பைப் பார்க்க ஆரம்பித்தார். பிரகாசியக்கா கண்ணை மூடிக்கொண்டார். பெரிய மதர் மூடியைத் தள்ளினார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. காலிப் பெட்டிதானே, எதற்குப் பார்க்க வேண்டும்? முறைப்படி கவிழ்த்தார்.

கல்லுப்பு கொட்டியது. மேசைவிரிப்பு முழுக்கக் கொட்டி, லேஸ் ஓட்டைகளில் புகுந்து, பெரிய மதரின் மடியிலும் விழுந்து தரையில் சிதறியது. பெரிய மதர் கவிழ்ந்த பெட்டியைப் பிடித்தபடியே இருந்தார். பிரகாசியக்கா சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

முறை என்று ஒன்று இருக்கிறதே, கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியுமா? பெரிய மதர் அடியில் தட்டினார். இன்னும் கொஞ்சம் விழுந்தது. "யாத்தில் து ஸெல்?" என்றார்.

"உய், மா மேர்!" என்றார் பிரகாசியக்கா. "இல் யா து ஸெல்." பிறகு மேசையையும் தரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானாகவே ஒன்றைச் சேர்த்தார். "போக்கூ த ஸெல்." நிறைய உப்பு இருக்கிறது, மதர்.

பெரிய மதர் மடியைத் தட்டிக்கொண்டே, இதை யார் போட்டது என்று மதர் ஜெர்மேனிடம் கேட்டார். மதர் ஜெர்மேன் திரும்பிப் பார்க்காமலே, இந்த ஊர்க் கடல்காற்று எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிடும் என்றார். 'இல்லை'க்கான கேள்வியை டிஸ்பென்சரியைப் பற்றிக் கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பெரிய மதர் கேட்டார். நோயாளிக்குக் காய்ச்சல்? 'பா த ஃபியெவ்ர்'. இருமல்? இல்லை. ரத்தப்போக்கு? இல்லை. வீக்கம்? இல்லை. வலி? இல்லை. பிரார்த்தனை சொல்வதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக 'பா த', 'பா த' என்று வந்துகொண்டே இருந்தது. போதும் போதும் என்று பெரிய மதர் கையை உயர்த்தித்தான் நிறுத்தினார்.

பிரகாசியக்கா தேறிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு மேசையைச் சுத்தம் செய்யப் போனேன், வழக்கம்போல் நான்தானே. மதர் ஜெர்மேன் அங்கே நின்று லேஸ் ஓட்டைகளிலிருந்து உப்பைக் கல் கல்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அஞ்ஞானம்ணு சொன்னீங்களே மதர்?" என்றேன்.

"அஞ்ஞானம்தான்" என்றார், தலையைத் தூக்காமல். பொறுக்கிய உப்பைப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடினார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. "அந்தப் பிள்ளை அப்பா, தம்பி, கடல் வந்தார்களா?" என்று கேட்டார்.

ஒரு உருபு இல்லை. ஆனாலும் எனக்குப் புரிந்தது. தெரியாது என்றேன். போய்ப் பார்த்து வரச் சொன்னார். அந்தக் காற்றில் மறுபடியும் மணலில் கால் புதைய நடந்தேன். அவர்கள் எப்போதோ கரையேறியிருந்தார்கள். பிரகாசியக்காவின் அப்பா ஒரு வியாபாரியோடு சாளை விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மகள் வெளிதேசம் போகப் போகிறாள் என்று சொன்னேன். "இரியுங்க டீச்சரே, இவன வெலைக்குக் கொண்டு வந்துட்டு வாறேன்" என்றார். இவர்களுக்காகத்தான் நான் இத்தனை பாடுபட்டேன்.

பிரகாசியக்கா கப்பல் ஏறிப் போனார். நம்முடைய ஊர்கள் திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்த வருஷம் படிப்பு முடித்துத் திரும்பினார். கடற்கரையில் வார்டு திறந்தது. திறந்த அன்றே ஒரு பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் மதர் ஜெர்மேனும் வெளியே பெஞ்சில் அவளுடைய புருஷனோடு உட்கார்ந்திருந்தோம். அவன் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். பிரகாசியக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "மக்கா, பொண்ணு பொறந்திருக்கா. பெத்தவளுக்கு ரெத்தப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. இனி பயப்படண்டாம்" என்றார். அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதான். நானும் அழுதேன். மதர் ஜெர்மேன் தனக்குள் ஏதோ முணுமுணுத்தார். குனிந்து கேட்டால், 'பா த, பா த' என்று பிரெஞ்சில் ஆர்ட்டிகிள் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த மனுஷியை என்ன செய்வது?

அந்த வருஷமே மதர் ஜெர்மேனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது பெட்டியை என்னிடம் கொடுத்தார். உள்ளே உப்பு இருந்தது. அதை வைத்துத்தான் ஓய்வு பெறும்வரை நான் பாடம் நடத்தினேன். பெட்டியை நான் கவிழ்த்ததே இல்லை. 'இல்லை' சொல்லிக் கொடுக்கக் காய்ச்சலும் இருமலும் தலைவலியும் போதுமான அளவு உலகத்தில் இருக்கின்றன. ஆடி மாதச் சாரலில் உப்பு நீர்த்துவிடும். அப்போதெல்லாம் பெட்டியைத் துடைத்துக் காயவைத்துப் புதிதாகப் போட வேண்டும், அது வேறு வேலை.

ஷீலா போன வாரம் கிளம்புகிற நேரத்தில் அலமாரியில் இருந்த அந்தப் பெட்டியை எடுத்தாள். மூடியைத் தள்ளிப் பார்த்தாள். முழங்கால் வலியால் இந்த வருஷச் சாரலுக்குப் பிறகு நான் அதைக் கவனிக்கவில்லை. "டீச்சர், இதுல ஒண்ணும் இல்..."

"ஏட்டி, அதைச் சொல்லாதே!" என்று நான் கத்திய கத்தலில் பெட்டியைக் கீழே போடப் பார்த்தாள். எனக்குக் கடலில் யாரும் கிடையாது. ஆனால் பிரகாசியக்காவின் தம்பி பேரன்மார் இப்போதும் போகிறார்கள். "அடுக்களையில உப்புப் பரணி இருக்கு. போய் ஒரு கை உப்பு அள்ளிட்டு வா" என்றேன்.

அள்ளிக்கொண்டு வந்து போட்டு மூடினாள். எதற்கு டீச்சர் என்று கேட்டாள். இதைப் பத்து வரியில் எப்படிச் சொல்வது?